லைபோசக்ஷன்: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்

உடலில் சேர்ந்த கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் லைபோசக்ஷன் சிகிச்சையைச் செய்துகொள்ள நினைப்பவர் முதலில் கண்ணாடி முன் நின்று, தம் வயிற்றுச் சதையை இரு விரல்களால் கிள்ளிப் பார்க்க வேண்டும். விரல்களுக்கிடையே சிக்குவது தோலுக்கும் தசைக்கும் இடையே உள்ள கொழுப்பு. இந்தச் சிகிச்சையால் எடுக்க முடிவது அது மட்டுமே. வயிறு முன்தள்ளியிருந்தும் விரலில் அதிகம் சிக்கவில்லை என்றால், கொழுப்பு தசைக்கு உள்ளே, குடலைச் சுற்றிப் படிந்திருக்கக்கூடும். எந்த உறிஞ்சு குழாயும் அங்கே செல்லாது.

ஆகவே இதை எடை குறைக்கும் வழியாக எண்ணக் கூடாது. உடற்பருமன் கொண்ட 15 பெண்களின் வயிற்றிலிருந்து பெருமளவு கொழுப்பை எடுத்துவிட்டு, 10 முதல் 12 வாரங்கள் கழித்துப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2004-இல் அமெரிக்காவில் வெளியானது. அவர்களுடைய இரத்த அழுத்தமும் இன்சுலின் செயல்பாடும் மேம்படவில்லை. எடை ஓரளவு நிலையாக இருந்து, தோலும் சுருங்கும் தன்மையை இழக்காமல், ஓரிரு இடங்களில் மட்டும் கொழுப்பு கரையாமல் நிற்பவர்களுக்கே இது பொருந்தும். பிரசவத்துக்குப் பின் தோல் தொங்கியிருந்தால், உள்ளிருக்கும் கொழுப்பை எடுப்பது தொய்வை இன்னும் கூட்டிக் காட்டும்.

இன்று பரவலாகக் கையாளப்படும் முறையை 1980-களில் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் உருவாக்கினார். உப்புநீரில் மரத்துப்போகச் செய்யும் லிடோகெயினையும், இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினையும் சிறிதளவு கலந்து, தோலுக்கடியில் அந்த இடம் விறைக்கும் வரை செலுத்துவார்கள். பின்னர் சிறு துளை வழியே மெல்லிய குழாயை நுழைத்துக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். இரத்த இழப்பு இதனால் வெகுவாகக் குறைந்தது. ஆனால் லிடோகெயின் உடலில் மெதுவாகவே கலப்பதால், இரத்தத்தில் அதன் அளவு பல மணி நேரம் கழித்தே, பெரும்பாலும் நோயாளி வீட்டுக்குப் போன பிறகே, உச்சத்தைத் தொடுகிறது. உதடும் நாக்கும் மரத்துப்போவது, காதில் இரைச்சல், பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அளவு மிகுந்துவிட்டதற்கான அறிகுறிகள். அன்றிரவு அவை தென்பட்டால், விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். துணைக்கு இருப்பவரிடம் இதை முன்பே சொல்லி வைப்பது அவசியம்.

மருத்துவரிடம் கேட்கத் தயங்கவே கூடாத கேள்விகள் சில உண்டு. அவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. என்ற சிறப்பு மருத்துவப் படிப்பை முடித்தவரா? மயக்கவியல் நிபுணர் முழு நேரமும் உடனிருப்பாரா? நிலைமை கைமீறினால் எந்த மருத்துவமனைக்கு மாற்றுவார்கள்? மொத்தம் எத்தனை லிட்டர் எடுக்கப்போகிறார்கள்? 5 லிட்டரைத் தாண்டுவது பெரிய அளவு எனக் கருதப்படுகிறது. அதற்கு மருத்துவமனையில் தங்கிக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். வயிறு, தொடை, கை எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்று சலுகை விலை சொல்லும் இடத்தை விட்டு விலகிவிடுவதே நல்லது என்பேன். அழகுக்கான சிகிச்சை என்பதால் மருத்துவக் காப்பீடும் பொதுவாகக் கிடைக்காது.

புகைப்பவர்கள் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். ஆஸ்பிரின், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள், கருத்தடை மாத்திரைகள் எது எடுத்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாமாக எதையும் நிறுத்த வேண்டாம்.

முதல் நாள் துளைகளிலிருந்து இளஞ்சிவப்பு நிற நீர் கசிந்து படுக்கையை நனைக்கும். உள்ளே செலுத்திய திரவமே வெளிவருகிறது. ரப்பர் ஷீட்டும் பழைய துண்டுகளும் விரித்துக்கொண்டால் போதும். இறுக்க ஆடையைச் சில வாரங்கள் அணிய வேண்டும். கால்களில் இரத்தம் உறையாதிருக்க அன்றே எழுந்து மெல்ல நடக்க வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், காய்ச்சலுடன் கடும் வயிற்றுவலி ஆகியவற்றில் எது வந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

உடலில் நீர் தேங்குவதால் முதல் சில நாட்களில் எடை கூடியதாகவே காட்டக்கூடும். பலர் இதைக் கண்டு மனம் உடைந்துவிடுகிறார்கள். வீக்கம் முழுதும் வடிய 3 முதல் 6 மாதங்கள் ஆகலாம். ஆகவே சிகிச்சைக்கு முன் எடுத்த படத்துடன் ஒப்பிடுவதையும், தோலில் தெரியும் மேடுபள்ளங்களுக்கு மறுசிகிச்சை கேட்பதையும் அதுவரை தள்ளிவையுங்கள்.