டூன், ஆல்ட், ஸ்மர்ஃப்: கேமில் உங்க ஆளுக்கு எத்தனை பேருங்க?

கோபியில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலம். எட்டு சிஸ்டம், மணிக்கு 20 ரூபாய். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் வந்து கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டால் கடையே அதிரும். திரையில் பொம்மை சுடுபட்டு விழும், நாற்காலியில் இருக்கிற பையன் "அய்யோ, நான் செத்துட்டேன்" என்று தலையில் கை வைப்பான். பக்கத்துச் சீட்டுக்காரன் என்னைப் பார்த்து, "அண்ணா, என்ற ஆளு இன்னும் உசுரோட இருக்கறான், டைம் முடிஞ்சுதுன்னு ஆஃப் பண்ணீராதீங்க" என்பான்.

ஒரே மாதிரி பொம்மைதான். ஒருத்தனுக்கு அது 'நான்', இன்னொருத்தனுக்கு 'என்ற ஆளு', அதாவது என்னுடைய ஆள். ஆன்லைனில் ஆடுகிறவர்கள் தங்கள் ஆளுக்கு வைத்திருக்கிற பட்டப்பெயர்களைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஒவ்வொரு பெயரும், ஆடுகிறவன் அந்தப் பொம்மையைத் தன்னோடு எவ்வளவு ஒட்ட வைத்திருக்கிறான் என்று சொல்லிவிடும். அதைப் பிடித்துக்கொண்டால் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். இப்போதுதான் ஹெட்செட் வாங்கி உள்ளே வருகிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

கேமைத் திறந்ததும், அதைச் செய்தவர்கள் ஆளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். டோட்டா 2 என்றால் ஹீரோ, லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்றால் சாம்பியன், வேலரன்ட்டில் ஏஜென்ட், ஏபெக்ஸில் லெஜெண்ட், ஃப்ரீ ஃபயரில் வெறும் கேரக்டர். இவற்றில் எல்லாம் அவர்களே செய்து வைத்த ஆட்களில் ஒருத்தரை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். வேலரன்ட்டில் ஜெட் என்று ஒரு ஏஜென்ட் உண்டு, நீங்கள் எடுக்கிற அதே ஜெட்டை ஊர் உலகமெல்லாம் எடுக்கும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் மாதிரி கேம்கள் அப்படி இல்லை. அங்கே இனம், கிளாஸ் (வீரனா மந்திரவாதியா என்கிற வகை), மூஞ்சி, பெயர் எல்லாம் நீங்களே தேர்ந்தெடுத்து, லெவல் 1-லிருந்து வளர்த்து ஆளாக்க வேண்டும். திருப்பூரில் ரெடிமேட் சட்டை எடுப்பதற்கும் டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைப்பதற்கும் உள்ள வித்தியாசம். மூன்றாவது படியில் இது தேவைப்படும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: 'டூன்' என்று கேட்டால் போனைப் பார்க்காதீர்கள்

நான் பார்த்தேன். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட ஆரம்பித்த புதிதில் யாரோ ஒருத்தர் மைக்கில் "நைஸ் டூன்" என்றார். அந்த நேரம் பார்த்து மேசை மேல் என் போன் அடித்துக்கொண்டிருந்தது. ரிங்டோனைத்தான் பாராட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, அது பழைய படத்துப் பாட்டு, வேண்டுமென்றால் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் நாலு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

கார்ட்டூன் என்பதில் வாலை மட்டும் வெட்டி எடுத்ததுதான் டூன். உங்கள் ஆளுக்குச் செல்லப்பெயர், அவ்வளவுதான். ஆனால் எல்லோருக்கும் இது பிடிக்காது. தன் ஆளுக்கு ஊர், பேர், அப்பன் பாட்டன் கதையெல்லாம் எழுதி வைத்து ஆடுகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களிடம் போய் 'உங்க டூன்' என்றால், வளர்த்த காளையை 'மாடு' என்று சொன்ன மாதிரி முகம் சுருங்கும். அங்கே 'கேரக்டர்' என்றே சொல்லிவிடுங்கள், வம்பில்லை.

'அவதார்' நம்ம பக்கத்துச் சொல். மேலிருந்து இறங்கி வருவதுதான் அவதாரம். 1985-இல் வந்த அல்டிமா 4 கேமில் அது கதாநாயகன் அடைய வேண்டிய நிலைக்குப் பெயர், 1986-இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் சோதனை பார்த்த ஹாபிடாட்டில் திரையில் நடமாடுகிற உங்கள் உருவத்துக்கே அதுதான் பெயர். வேடிக்கை என்னவென்றால் நம்ம பையன்கள் யாரும் ஆளை அவதார் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு அவதார் என்றால் புரொஃபைல் படம். அப்புறம் 'பிசி' என்று ஒன்று வரும், பிளேயர் கேரக்டர் என்பதன் சுருக்கம். 1974-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வழி வந்த மேசை விளையாட்டுகளில் புழங்கிய பேச்சு அது. அதன் மறுபக்கம்தான் எல்லோருக்கும் தெரிந்த என்பிசி, அதாவது மனுசன் ஓட்டாத ஆள். எனக்கு பிசி என்றால் இன்றைக்கும் மணிக்கு 20 ரூபாய்தான்.

படி 3: மெயினா, ஆல்ட்டா?

ஒரு டீமில் சேர்ந்தால் முதலில் வருகிற கேள்வியே இது. அதிக நேரம் போட்டு, நல்ல சாமானெல்லாம் சேர்த்து வளர்த்த ஆள் மெயின். மற்றதெல்லாம் ஆல்ட். ஆல்ட் மேல் ஆல்ட்டாகத் தொடங்கி எதையும் முடிக்காதவருக்கு ஆல்ட்டஹாலிக் என்று பட்டம். நானே அதில் ஒரு உருப்படி; பதினொரு ஆள் வைத்திருக்கிறேன், இரண்டுதான் மேல் லெவலைப் பார்த்திருக்கிறது.

இங்கேதான் படி 1 வேலைக்கு வருகிறது. ரெடிமேட் ஆட்கள் இருக்கிற கேமில் "நான் ஜெட் மெயின்" என்றால், நான் வழக்கமாக எடுக்கிறது ஜெட்டைத்தான் என்று பொருள். அதை விட்டு வேறு எதையுமே தொடாதவர் ஒன் ட்ரிக். இந்த கேம்களில் ஆல்ட் என்றால் இன்னொரு ஆளைச் சொல்வதில்லை, இன்னொரு அக்கவுன்ட்டைச் சொல்கிறார்கள். நம்ம ஊர்ப் பேச்சில் இதுதான் மெயின் ஐடி, செகண்ட் ஐடி. "ஐடி போயிருச்சு" என்று ஒரு பையன் அழுதால் அவனுடைய ஆதார் கார்டைத் தேடாதீர்கள். ஸ்கின் (ஆளுக்கு மாட்டுகிற உடுப்பு), ரேங்க், காசு போட்டு வாங்கியது எல்லாமே போயிருக்கிறது.

படி 4: எதற்காக வைத்திருக்கிற ஆள் என்று கேளுங்கள்

ஆல்ட்களிலேயே மூன்று வகைக்குத் தனிப் பெயர் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

மியூல் என்றால் பொதி சுமக்கிற கோவேறு கழுதை. 2000-இல் வந்த டயப்லோ 2-இல் சாமான் போட்டு வைக்கிற பெட்டி ரொம்பச் சின்னது, எடுத்த வாளையும் கவசத்தையும் வைக்க இடம் பத்தாது. அதனால் சாமானை வைத்திருப்பதற்கென்றே ஒரு ஆளை உருவாக்கிக்கொண்டார்கள். சாமானைத் தரையில் போட்டுவிட்டு, வெளியே போய், மியூலோடு உள்ளே வந்து பொறுக்க வேண்டும். அதற்குள் அந்த ஆட்டம் மூடிக்கொண்டால் எல்லாம் போச்சு என்று நம்பிக்கையான ஒருத்தரை உள்ளே காவலுக்கு நிறுத்துவார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் இதையே பேங்க் ஆல்ட் என்பார்கள், ஏலக்கடைக்கும் தபால் பெட்டிக்கும் நடுவில் சும்மா நின்றுகொண்டிருக்கும். ஈரோட்டில் மஞ்சள் மூட்டை விலை ஏறட்டும் என்று குடோனில் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ட்விங்க் வேறு சாதிச் சரக்கு. லெவல் குறைந்த ஆளுக்கு, பெரிய ஆள் சம்பாதித்த பணத்தில் அந்த லெவலில் போட முடிகிற உச்சபட்ச சாமானையெல்லாம் மாட்டி விடுவது. கல்யாணத்துக்குச் சித்தப்பன் சங்கிலி, மாமன் மோதிரம் எல்லாம் போட்டுக்கொண்டு வருகிற பையன் மாதிரி, ஒரு சம்பாத்தியமும் அவனுடையது கிடையாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் லெவல் 10 முதல் 19 வரை உள்ளவர்கள் ஒரே களத்தில் மோதுவார்கள். ட்விங்க்காரன் 19-லேயே நின்றுகொண்டு புதுசாக வருகிறவர்களைப் போட்டு நொறுக்குவான். 2009-இல் களத்தில் சண்டை போட்டாலும் லெவல் ஏறும்படி மாற்றி, ஏற வேண்டாம் என்று நிறுத்திக்கொள்கிறவர்களைத் தனியாக அவர்களுக்குள்ளேயே மோத விட்டார்கள். கொட்டம் கொஞ்சம் அடங்கியது. ஒரு எச்சரிக்கை: கேமுக்கு வெளியே இந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கிறது, சபை பார்த்துப் பேசுங்கள்.

ஸ்மர்ஃப் என்பது நீல நிறக் கார்ட்டூன் குட்டி மனிதர்களின் பெயர். 1995-இல் வந்த வார்கிராஃப்ட் 2-இல் இரண்டு பேர் ரொம்ப நன்றாக ஆடுவார்களாம், அவர்கள் பெயரைப் பார்த்ததும் எதிராளி எழுந்து போய்விடுவானாம். சரி என்று பாப்பாஸ்மர்ஃப், ஸ்மர்ஃபெட் என்று அப்பாவிப் பெயர் வைத்துக்கொண்டு உள்ளே வந்து அடித்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படுகிற கதை. அன்றிலிருந்து கைதேர்ந்தவன் புது அக்கவுன்ட் போட்டுக் கீழ் ரேங்கில் வந்து ஆடினால் ஸ்மர்ஃப். என் அக்கா மகன் என்னோடு ஆட வேண்டும் என்று இப்படித்தான் ஒரு ஐடி தொடங்கினான், ஏனென்றால் அவன் ரேங்குக்கும் என் ரேங்குக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். முதல் மேட்சிலேயே முப்பது கில் எடுத்தான். எதிர் டீம் அவனைத் திட்டவில்லை, நான் காசு கொடுத்து ஆளைக் கூட்டி வந்திருக்கிறேன் என்று என்னைத் திட்டினார்கள். மாமன் மானம் போனதைப் பற்றி மாப்பிள்ளைக்குக் கவலையே இல்லை. சில கேம்களில் இது விதிக்கே விரோதம், ஐடியை முடக்குவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

படி 5: வேலைப் பெயர்கள்

இவை சுலபம். அடி வாங்குகிறவன் டேங்க், அடி கொடுக்கிறவன் டிபிஎஸ், உயிர் ஏற்றுகிறவன் ஹீலர். அடித்தால் மலை சாயும், திருப்பித் தொட்டால் உடைந்துபோகும் என்கிற ஆள் கிளாஸ் கேனன். தொட்டாலே சாகிற மந்திரவாதி வகையறா ஸ்குவிஷி. டோட்டா பக்கம் ஆரம்பத்தில் நோஞ்சானாக இருந்து காசு சேர்ந்ததும் டீமையே தூக்கிச் சுமக்கிற ஆள் கேரி. பாலடின் என்கிற கிளாஸை முழுசாகச் சொல்ல சோம்பல்பட்டு பேலி என்பார்கள், வார்லாக்குக்கு லாக்.

டேங்க் பற்றி மட்டும் கூடக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவன் சும்மா தடியன் இல்லை. கும்பலில் எதிரி யார் மேல் கோபமாக இருக்கிறானோ அவனைத்தான் அடிப்பான், அந்தக் கோபத்தைத் தன் மேலேயே வைத்துக்கொள்வதுதான் டேங்க்கின் முழு வேலை. டேங்க் விழுந்தால் அடுத்து ஹீலர் விழுவான், அப்புறம் வரிசையாக எல்லோரும்.

போன பொங்கல் லீவில் பெருந்துறைப் பக்கம் அக்கா வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை ஹீலர், கூட ஆடுகிற நாலு பேரும் அவன் காலேஜ்ப் பையன்கள், கடைசி பாஸிடம், அதாவது பெரிய எதிரியிடம், நிற்கிறார்கள். இவன் மைக்கை ஆஃப் பண்ணவில்லை. அக்கா பின்கட்டிலிருந்து கத்தினாள், "டேங்க் காலிடா சாமி! ஒரு சொட்டு இல்ல!"

சொன்னது மொட்டைமாடித் தண்ணித் தொட்டியை. ஹெட்செட்டில் கேட்ட மூன்று டிபிஎஸ்ஸும் மூன்று திசையில் ஓடினார்கள். ஓடின ஓட்டத்தில் பக்கத்தில் சிவனே என்று நின்ற எதிரிக் கும்பலை எல்லாம் இழுத்து விட்டார்கள். டேங்க் பையன் மட்டும் தனியாக நின்று, "டேய், நான் உசுரோடதான்டா இருக்கறேன், எங்கடா போறீங்க" என்று கத்திக்கொண்டே செத்தான். மாப்பிள்ளை எழுந்து போய் மோட்டார் போட்டுவிட்டு வந்தான்.

படி 6: திட்டுவதற்கு உள்ள பெயர்கள்

நியூபி என்றால் புதுசாக வந்தவர், அதில் வசவு இல்லை. நூப் என்றால் வந்து வருசமாகியும் எதுவும் கற்றுக்கொள்ளாதவர். பிஜிஎம்ஐ, அதாவது இந்தியாவுக்கான பப்ஜி, ஆடுகிறவர்கள் 'பாட்' என்பார்கள்; அந்த கேமில் கீழ் ரேங்கில் நிஜமாகவே கம்ப்யூட்டர் ஓட்டுகிற பாட்கள் இருக்கின்றன, நேராக ஓடி வந்து வெட்டவெளியில் நின்று சுடும், அது மாதிரி ஆடுகிற மனுசனுக்கும் அதே பெயர். ஃபோர்ட்நைட்டில் ஸ்கின் வாங்காமல் கொடுத்த உடுப்போடு வருகிறவர் டிஃபால்ட். இந்தக் கடைசிப் பெயர் எனக்குப் பிடிக்கவே இல்லை, காசில்லாததைக் கேலி செய்கிற பெயர் அது. நம் டீமில் யாரும் சொல்லக் கூடாது என்று கட்டளை.

படி 7: வாசித்துப் பாருங்கள்

டீம் சாட்டில் ஒருத்தர் இப்படி எழுதுகிறார்: "இது ஆல்ட், ரொம்ப ஸ்குவிஷி. மெயின் பேலி டேங்க், வேணும்னா மாத்திட்டு வர்றேன்." இப்போது நிற்கிறது அவருடைய இரண்டாவது ஆள், ஓர் அடி தாங்காது, அதிகம் வளர்த்தது அடி வாங்குகிற பாலடின், கூப்பிட்டால் அதோடு வருவார். பதில் என்ன எழுதுவீர்கள்? உங்கள் டீமில் டேங்க் இல்லையென்றால் "வாங்கண்ணா" என்று எழுதுங்கள்.

இன்னொன்று, நேற்று ராத்திரி மேட்ச் தோற்றபிறகு மாப்பிள்ளை எனக்கு அனுப்பியது. இதை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள், நான் பிரித்துவிட்டேன், அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை: "மாமா, உங்களை அடிச்சது பாட் இல்லீங்க, ஸ்மர்ஃபு. மெயின் ஐடி உங்க ஃப்ரெண்ட் லிஸ்ட்லயேதான் இருக்குது."