வறண்ட கழிமுகத்தில் ஓதத்தையும் மழையையும் வைத்துத் தண்ணீரைக் கணிப்பது எப்படி?

கடல் பக்கம் உப்பு, உள்ளே போகப் போக நல்ல தண்ணீர் என்றுதான் ஆறு கடலில் சேரும் இடமான கழிமுகத்தைப் பற்றிப் படித்திருப்போம். மழை குறைந்த இடங்களில் இது பெரும்பாலும் மழைக்காலத்துக் கதைதான். ஆற்றில் வரத்து நின்றதும், வெயிலில் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகக் கடல்நீர் உள்ளே வருகிறது, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது, அதனால் உள்ளே போகப் போக உப்பு ஏறும். செனகலின் சலூம் கழிமுகம், ஆஸ்திரேலியாவின் ஸ்பென்சர் வளைகுடா இரண்டும் இப்படித்தான்.

உங்கள் கழிமுகம் இப்போது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிய, ஒரே இடத்தில் ஒரே ஆழத்தில் இரண்டு தடவை உப்பு பாருங்கள்: ஓதம் (கடல்நீர் தினமும் ஏறி இறங்குவது) ஏறி நிற்கும்போது ஒன்று, வற்றி நிற்கும்போது ஒன்று. ஏற்றத்தில் உப்பு கூடினால் ஆற்றுநீர் இன்னும் வருகிறது. ஏற்றத்தில் குறைந்து, கடலின் அளவான லிட்டருக்கு 35 கிராம் பக்கம் வந்தால், உள்ளே இருப்பது கடலைவிடக் கரிக்கும் தண்ணீர். ஓத அட்டவணையை அப்படியே நம்பாதீர்கள், அது கடற்கரைக்குப் போட்டது; உள்ளே ஏற்றம் தாமதமாகத்தான் வரும், கரையோரம் ஒரு குச்சி நட்டுப் பார்த்தாலே போதும்.

தினமும் காலை 8 மணிக்கு அளந்தால் ஒழுங்காக இருக்கும் என்று தோன்றும். ஆனால் ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது, ஆக அதே 8 மணிக்கு ஒரு நாள் ஏற்றம் இருக்கும், இன்னொரு நாள் வற்றம் இருக்கும். எப்போதும் ஓதத்தின் ஒரே கட்டத்தில் அளங்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகமாக இருக்கும், அடிச்சேறு கிளம்பும், மேலும் கீழும் கலக்கும். அஷ்டமியை ஒட்டி எல்லாம் மந்தம்.

மழைதான் சிக்கல். நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் வெள்ளம் மண், சாணம், சருகு எல்லாவற்றையும் அடித்து வரும். நன்னீர் லேசானது என்பதால் மேலே மிதக்கும், உப்புத் தண்ணீர் அடியில் காற்றுப் படாமல் அடைபடும், சருகு அழுகி அங்கிருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். இது அஷ்டமி நாட்களில் நடந்தால் இன்னும் மோசம், கலக்கிவிட ஓட்டம் இருக்காது. அதனால் மழைக்குப் பின் மேலே மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பாட்டிலில் கல் கட்டி இறக்கி, அடியில் போனதும் இன்னொரு கயிற்றால் மூடியை இழுத்து அந்தத் தண்ணீரை எடுங்கள். ஆக்ஸிஜன் விடியுமுன்தான் மிகக் குறைவு, மீட்டர் இருந்தால் அப்போது பாருங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன்கள் தாங்காது.

அப்புறம், முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடைத்திருந்தால் ஓதக் கணக்கு எதுவும் செல்லாது.