வீட்டுக் கராஜில் ஸ்போர்ட்ஸ் கார்: வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்குப் பின்னால் நாலு தூண் நட்டுத் தகரம் போட்டு, அதற்குள் ஒரு பழைய ஹொண்டா சிவிக்கையோ ரொயோட்டா ஸ்ரார்லெற்றையோ பிரித்து வைத்திருக்கும் தம்பிமாரைக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முள்ளியவளையிலும் காணலாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகும் வரியைச் சேர்த்துப் பார்த்தால் புதுக் கார் பலருக்கு எட்டாது. கையில் இருக்கும் பழைய காரையே வேகமாக்கிப் பார்ப்போம் என்ற ஆசை வருவது இயல்பு.

இந்த மண்ணுக்கு எஞ்சின் வேலை புதிதும் இல்லை. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இங்கே மோட்டார் சைக்கிளும் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்தக் கைகளுக்கு என்றைக்கும் மரியாதை உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கால எஞ்சின்களின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது, பெரும்பாலும் 7, 8 அளவில்தான் இருந்தது. மட்டமான எரிபொருளையும் அவை தாங்கின. ஹொண்டாவின் பி16 போன்ற எஞ்சினில் அது 10ஐத் தாண்டும், சுற்று வேகமோ நிமிடத்துக்கு 8,000 வரை போகும். சமாளித்து ஓட்டிய அனுபவத்தை அப்படியே கொண்டுவந்து இதில் பூட்ட முடியாது. கதவுப் பிடியைச் சமாளிக்கலாம், பம்பரைச் சமாளிக்கலாம். பிறேக்கையும் ரயரையும் ஜக்கையும் சமாளிக்க முடியாது. வீட்டுக் கராஜில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வித்தியாசத்தை மறப்பதிலிருந்துதான் தொடங்குகின்றன.

காருக்கு அடியில் போவதற்கு முன்

ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள். ஜக் தூக்குவதற்கு; தாங்குவதற்கு ஸ்ராண்ட் வேண்டும். இதைத் தெரிந்தவர்களும் ‘ரெண்டு நிமிச வேலைதானே’ என்று உள்ளே போய்விடுகிறார்கள். ஹைட்ரோலிக் ஜக்கின் சீல் போக ஒரு நொடி போதும்.

அடுத்தது, ஸ்ராண்டுக்குப் பதிலாகச் சீமெந்துக் கல்லை அடுக்குவது. எல்லா வளவிலும் வீடு கட்டி மிஞ்சிய கல் கிடப்பதால் இந்தப் பழக்கம் இங்கே அதிகம். சுவரில் பாரம் கல்லின் முழு முகத்திலும் பரவும். காரின் அடிச்சட்டமோ ஒரு விரல் அகலத்தில் அழுத்தும். உள்ளே பொந்து உள்ள கல் அந்த அழுத்தத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் நொறுங்கும். கல் வேண்டவே வேண்டாம். ஸ்ராண்ட் வாங்க முடியாவிட்டால் தடித்த பாலை மரக் குற்றிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக்கொள்ளுங்கள்.

நிலமும் முக்கியம். மண் தரையில் ஸ்ராண்டின் கால்கள் மெல்லப் புதையும். மாரியில் இன்னும் வேகமாகப் புதையும். நாலு சக்கரம் நிற்கிற அளவுக்காவது கொங்கிறீற் போடுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு ஸ்ராண்டின் கீழும் தடித்த இரும்புத் தகட்டை வையுங்கள்.

சிலர் காருக்கு அடியில் நின்று வேலை செய்யக் குழி வெட்டுகிறார்கள். வன்னியில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்திருக்கிறது. காணி துப்புரவாக்கப்பட்டதா என்பதை உறுதி செய்யாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள். பழைய இரும்புக் குவியலில் ‘நல்ல கனமான குழாய்’ என்று எடுத்துவந்து கிறைண்டரில் வெட்டுவதும் இதே ஆபத்துத்தான். அது என்ன இரும்பு, எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் உங்கள் கராஜுக்குள் அதற்கு இடமில்லை. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் விலகி 119க்கு அறிவியுங்கள். குழி ஏற்கெனவே இருந்தாலும், பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழிக்குள் இறங்கித் தேங்கி நிற்கும் என்பதை மறக்கக் கூடாது. பெற்றோல் குழாயைக் கழற்றும் வேலையைக் குழிக்கு மேலே நிறுத்தி வைத்துச் செய்யாதீர்கள்.

சக்தியை முதலில் தேடுவது

கார் வாங்கிய கையோடு எல்லோரும் தேடுவது வெளியே தெரியும் கூம்புக் காற்று ஃபில்ரரையும் பெரிய சைலன்சரையும்தான். சத்தம் கூடும், கார் வேகமாகிவிட்டது போலவும் இருக்கும். நடப்பது வேறு. எஞ்சின் அறைக்குள் திறந்தபடி நிற்கும் ஃபில்ரர் அங்கிருக்கிற சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும். காற்று 10 பாகை சூடானால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். வெளியே 34 பாகை, எஞ்சின் அறைக்குள் 60 பாகைக்கு மேல் என்றால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். கம்பனி பூட்டிய பெட்டி அசிங்கமாகத் தெரிந்தாலும் அது முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கிறது.

அப்புறம் புழுதி. சோழகம் வீசும் மாதங்களில் கிரவல் வீதியில் ஒரு டிப்பருக்குப் பின்னால் போய்வந்தால் காரின் நிறமே மாறிவிடும். அந்தச் செம்புழுதி மிக நுண்ணியது. ஒயில் தடவிய துணி ஃபில்ரர் கடதாசி ஃபில்ரரைவிடச் சுலபமாகக் காற்றை விடும். நுண்புழுதியையும் அதே மாதிரி விடும். அது சிலிண்டர் சுவரையும் ரிங்கையும் அரைத்துத் தேய்க்கும். என்னைக் கேட்டால், தார் வீதியை விட்டு இறங்கும் காருக்குக் கடதாசி ஃபில்ரரே சரி. வழமையைவிட அடிக்கடி மாற்றுங்கள்.

எஞ்சினை உடைக்கும் பெரிய தவறு எரிபொருளில் இருக்கிறது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கு வந்த வேகக் கார்கள் பல, அங்கே கிடைக்கும் உயர்தரப் பெற்றோலுக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை. அது பெரும்பாலும் 100 ஒக்ரேன். நமது பெற்றோல் செட்டில் பெரும்பாலும் கிடைப்பது 92உம் 95உம். ஒக்ரேன் குறைந்தால், பிளக் பொறி பரவி முடியும் முன்பே மீதிக் கலவை அழுத்தத்தால் தானாகவே வெடிக்கும். ஏற்றத்தில் அக்சிலேற்றரை மிதிக்கும்போது கேட்கும் ‘டிக் டிக்’ சத்தம் அதுதான். உள்ளே வரும் காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு சுலபமாக இது நடக்கும். வன்னி வெயிலில் 92ஐ அடித்துக்கொண்டு ஸ்ரார்லெற் ஜிரியின் ரேபோ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) அழுத்தத்தைக் கூட்டினால் பிஸ்ரனில் ரிங் இருக்கும் வரம்பு உடையும். அழுத்தத்தைக் கூட்டும் சின்னத் திருகு மலிவு, எஞ்சின் மலிவில்லை.

ரேபோ எஞ்சினுக்கும் உயர் அமுக்க எஞ்சினுக்கும் 95ஐ மட்டும் அடியுங்கள். அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமென்றால், காற்று–எரிபொருள் விகிதத்தைக் காட்டும் அகலப் பட்டை ஒக்சிஜன் சென்சரை முதலில் பூட்டுங்கள். சுமையில்லாமல் ஓடும்போது 14.7க்கு 1 அளவில் நிற்கும் கலவை, முழு மிதியில் 12 பக்கம் இறங்க வேண்டும். ரேபோவுக்கு இன்னும் கொஞ்சம் கீழே. இந்த அளவீடு இல்லாமல் செய்யும் எந்த ட்யூனிங்கும் ஊகம்தான்.

கிணற்றுத் தண்ணீரும் கழற்றி எறிந்த தேமோஸ்ரற்றும்

தேமோஸ்ரற் என்பது எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை றேடியேற்றருக்கு விடாமல் மறிக்கும் வால்வு. ‘இந்த வெக்கைக்கு தேமோஸ்ரற் தேவையில்லை’ என்று அதைக் கழற்றி எறியும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். எஞ்சின் தன் வெப்பநிலைக்கு வராவிட்டால் கணினி அதைக் குளிர் எஞ்சின் என்று நினைத்துப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும். அந்த அதிகப் பெற்றோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவும். அதோடு, பல எஞ்சின்களில் தேமோஸ்ரற் திறக்கும்போதே பக்கவழியையும் மூடும். அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி றேடியேற்றருக்குப் போகாமலே சுற்றிவரும், சூடு இன்னும் கூடும். சூடு ஏறுகிற காருக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கும்: அடைபட்ட றேடியேற்றர், சுழலாத விசிறி, இறுக்கம் போன மூடி. மூடியை யாரும் பார்ப்பதில்லை. அது பிடித்து வைக்கும் 1 பார் அழுத்தத்தால்தான் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் 120 வரை தாங்குகிறது.

றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள். நமது பல கிணறுகளின் தண்ணீர் எவ்வளவு கல்லுத்தன்மையானது என்று வீட்டுக் கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைப் படிவு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். வடித்த தண்ணீரையும் கூலன்றையும் சரிபாதியாகக் கலந்து விடுங்கள். கூலன்ற் குளிர்நாட்டுக்கு மட்டும் என்பது பிழையான எண்ணம். துருவையும் அலுமினிய அரிப்பையும் அதுதான் தடுக்கிறது.

வெட்டிய ஸ்பிரிங்

காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை வெட்டுவது செலவில்லாத வழி. வெட்டிய ஸ்பிரிங் விறைப்பாகும், ஆனால் அதற்கேற்ற ஷொக் அப்சோபர் இருக்காது. சக்கரம் குழியில் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து விலகி, திரும்ப வேறு இடத்தில் வந்து உட்காரும். திருப்பத்தில் அது நடந்தால் ஸ்ரேரிங் உங்கள் கையில் இல்லை. காஸ் விளக்கால் சூடாக்கி ஸ்பிரிங்கை இறக்குவது இதைவிட மோசம். உருக்கின் பதமே போய்விடும். தாழ்த்தத்தான் வேண்டுமென்றால் அந்தக் காருக்கென்று செய்த ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்த்துப் பூட்டி, அலைன்மென்ற் பாருங்கள். ஆனால் எவ்வளவு தாழ்த்துவது என்பதை ஏ9 வீதியைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். ஏ9 பளிங்கு மாதிரி இருக்கும். அதிலிருந்து உங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும் இடத்தில்தான் எஞ்சினின் ஒயில் தொட்டி கல்லில் அடிபடும்.

ரயரைப் பொறுத்தவரை ஒரே விஷயம். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தை வாசியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பூ முழுதாக இருந்தாலும் வெயிலில் கிடந்த பழைய ரப்பர் இறுகிவிடும், மழையில் பிடிக்காது. பழைய இறக்குமதி ரயர் வாங்குபவர்கள் பூவைப் பார்க்கும் முன் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

பிறேக்

வேகத்தைக் கூட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் முன்னால் நிறுத்துவதற்கு ஒரு ரூபாய் செலவாகியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு. பெரிய டிஸ்க் வாங்கிப் பூட்டுவதில் அவசரப்படாதீர்கள். மிதியிலிருந்து ஒயிலைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டரை மாற்றாமல், பாட்டை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பரைப் பெரிதாகப் பூட்டினால் மிதி ஆழமாகப் போகும். முன்பின் சமநிலையும் கெடும். முதலில் நல்ல பாட், புது ரப்பர்க் குழாய், புது பிறேக் ஒயில். பெரும்பாலான வீதிக் கார்களுக்கு அதுவே போதும்.

பிறேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டொட் 4 ஒயில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, மிதித்தால் வெறும் பஞ்சு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். திறந்து வைத்த பழைய போத்தலை மாரி முடிய எடுத்து ஊற்றாதீர்கள். டொட் 3, 4, 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டொட் 5 சிலிக்கன் வகை, அதைக் கலக்கவே கூடாது. எஞ்சின் ஒயில் ஒரு துளி போனாலும் ரப்பர் சீல்கள் ஊதிவிடும். பிறேக் தூளைக் கொம்பிறெசரால் ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். பழைய பாட்களில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம்.

பிறேக்குக்கு அப்பாலும் சில எச்சரிக்கைகள். வெல்டிங் செய்யும் முன் பற்றரியைக் கழற்றுங்கள், எர்த் கவ்வியை வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். வெறுமையான பெற்றோல் தாங்கி நிறைந்ததைவிட ஆபத்து, அதில் ஒட்டு வேலை வீட்டில் வேண்டாம். குளோரின் சேர்ந்த பிறேக் கிளீனரால் துடைத்த இரும்பை வெல்ட் செய்தால் பொஸ்ஜீன் எனும் நச்சு வாயு வரும். வயரிங்கில் முறுக்கி ரேப் சுற்றும் வேலையே வேண்டாம். புதிதாக இழுக்கும் ஒவ்வொரு வயருக்கும் பற்றரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ்.

எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்ற வேண்டும். காப்புறுதிக்கு மாற்றங்களை எழுத்தில் அறிவியுங்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரை வெட்டி எடுத்தவர் அடுத்த புகைப் பரிசோதனையில் சிக்கிக்கொள்ளலாம். சைலன்சர் இணைப்பில் ஒழுக்கு இருந்தால் காபன் மொனொக்சைட் காருக்குள் வரும், மணமே இருக்காது.

முதல் ஓட்டத்தை இரவில் வைக்காதீர்கள். மாங்குளத்துக்கு இரண்டு பக்கமும் மாடு படுத்திருக்கும், யானையும் வரும். ஊருக்கு வெளியே கார்களுக்கான எல்லையே மணிக்கு 70 கிலோமீற்றர்தான். அதற்கு மேல் பார்க்க ஆசையென்றால் களுத்துறைப் பக்கம் உள்ள கட்டுக்குருந்தை விமான ஓடுபாதையில் பந்தயம் நடக்கும் நாளில் பாருங்கள். பகலில், வெறும் வீதியில் 30இல் ஓடி நிறுத்திப் பாருங்கள், பிறகு 50இல். திரும்பி வந்து ஒயில், தண்ணீர், பிறேக் ஒழுக்குப் பாருங்கள். சக்கர நட்டைக் காலால் மிதித்து இறுக்காமல் டோர்க் ஸ்பானரால் இறுக்குங்கள். பழைய சிவிக்குக்கு 108 நியூட்டன் மீற்றர். அலோய் வீல் என்றால் முதல் 100 கிலோமீற்றரில் அதே ஸ்பானரை எடுத்து நாலு சக்கரத்தையும் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.