சிபாப் மெஷினோடு வாடகை குறைந்த ஊருக்குக் குடிபோவது எப்படி

சென்னை வாடகை கட்டுப்படியாகாமல் திருச்சி, மதுரை, வேலூர் பக்கம் கிளம்புகிறவர்கள் பகலில் போய் வீடு பார்க்கிறார்கள். தண்ணீர் வருகிறதா, வண்டி நிறுத்த இடம் உண்டா, பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம் என்று கேட்டுவிட்டு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் நோய்) இருந்து சிபாப் மெஷின் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் கருவி) போட்டுத் தூங்குகிறவருக்கு இது போதாது. அந்த வீடு இரவு பதினொன்றிலிருந்து காலை ஆறு வரை எப்படி இருக்கும் என்பதுதான் அவர் முதலில் கேட்க வேண்டியது. கரண்ட், காற்று, வெக்கை, தூசி, கொசு ஆகிய ஐந்தில் ஒன்று சரியில்லை என்றாலும் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கும் பழக்கம் வந்துவிடும். பிறகு வாடகையில் மிச்சம் பிடித்து என்ன பயன்?

கிளம்பும் முன் சென்னையில் முடிக்க வேண்டியவை

டாக்டரிடமிருந்து மூன்று காகிதங்களை வாங்கி ஸ்கேன் செய்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட். அதில் ஏ.ஹெச்.ஐ. என்ற எண் இருக்கும். மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு அது: 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது. இரண்டாவது டைட்ரேஷன் ரிப்போர்ட், அதாவது எந்த அழுத்தத்தில் மூச்சுத் தடை நின்றது என்ற விவரம். மூன்றாவது மருந்துச் சீட்டு. அதில் மெஷினின் மோடு, அழுத்தம், மாஸ்க்கின் பெயர், சைஸ் நான்கும் எழுதியிருக்க வேண்டும். 'சிபாப் யூஸ் பண்ணவும்' என்று மட்டும் எழுதிய சீட்டு புது ஊர் டாக்டருக்கு உதவாது. ஸ்டடி எடுத்துப் பல வருடம் ஆகியிருந்தாலோ, எடை கணிசமாகக் கூடியோ குறைந்தோ இருந்தாலோ, மறு டெஸ்ட்டைச் சென்னையிலேயே முடித்துவிடுவது நல்லது.

அடுத்தது உதிரிப் பொருட்கள். மெஷின் எங்கும் கிடைக்கும். உங்கள் மாஸ்க்கின் உங்கள் சைஸ் குஷன்தான் (முகத்தில் படியும் மெத்தென்ற விளிம்பு) சின்ன ஊரில் கிடைக்காது. ஆறு மாதத்துக்கு வாங்கி வையுங்கள்: ஃபில்டர் ஆறு (மாதம் ஒன்று, புழுதி ஊரென்றால் இன்னும் நான்கு சேர்த்து), மாஸ்க் குஷன் இரண்டு, தலைப்பட்டை ஒன்று, டியூப் ஒன்று. மெஷின் விற்றவரிடம் வாரண்டி அட்டையில் புது முகவரியைப் பதியச் சொல்லுங்கள். அந்த மாவட்டத்துக்கு சர்வீஸ் ஆள் வருவாரா, மெஷினைக் கூரியரில் அனுப்ப வேண்டுமா, ரிப்பேர் முடியும் வரை மாற்று மெஷின் தருவார்களா என்பதையும் கேட்டு வைக்க வேண்டும். அந்த மாற்று மெஷின்தான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

எந்த ஊர் என்பதில் ஒரு கருத்து: நுரையீரல் மருத்துவரும் ஸ்லீப் ஸ்டடி வசதியும் உள்ள பெரிய ஊருக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்றில்லை. அங்கிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்தால் போதும். திருச்சிக்கு லால்குடி, மணப்பாறை, மதுரைக்கு மேலூர், திருமங்கலம், வேலூருக்கு ராணிப்பேட்டை என்று பார்த்தால் வாடகை இன்னும் இறங்கும். நிலையாக இருக்கும் நோயாளிக்கு டாக்டரை நேரில் பார்க்கும் வேலை அடிக்கடி வராது. ஊட்டி, கொடைக்கானல் என்று மலை ஏறுகிறவர்கள் மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் மூளையே மூச்சுக்கு உத்தரவு தராமல் விடும் வேறு வகை ஆப்னியா சிலருக்குத் தலைகாட்டும். புது மெஷின்கள் உயரத்துக்கேற்ப அழுத்தத்தைத் தாமே சரிசெய்துகொள்ளும். பழைய மாடல் சிலவற்றில் கையால் மாற்ற வேண்டும்.

கரண்ட்

சின்ன ஊருக்குப் போனால் கரண்ட் கட் அதிகம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகலில் வருவது, அது உங்களைத் தொடாது. கோடை மழைக் காற்றிலும் ஆடிக் காற்றிலும் நள்ளிரவில் அறிவிப்பில்லாமல் போகிறதே, அதற்குத்தான் ஏற்பாடு வேண்டும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்று ஓனர் சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான் போயிருக்கும். கட்டில் பக்கத்து பிளக் பாயிண்ட் அதில் சேர்ந்திருக்காது. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, போன் சார்ஜரைக் கட்டிலருகே செருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறவில்லை என்றால் எலக்ட்ரீஷியனை வைத்து அந்த ஒரு பாயிண்டை மட்டும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றித் தரும்படி அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிவிட வேண்டும். கொடுத்த பிறகு கேட்டால் 'பார்க்கலாம் சார்' என்பதே பதிலாக இருக்கும்.

பேட்டரி தாங்குமா என்பதற்குக் கணக்கு எளிது. 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் பெருக்கினால் 1,800 வாட் ஹவர். பேட்டரி பழசாவது, இன்வெர்ட்டரில் வீணாவது எல்லாம் கழித்துப் பாதி, அதாவது 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹ்யூமிடிஃபையர் (டப்பாவில் தண்ணீரைச் சூடாக்கிக் காற்றில் ஈரம் சேர்க்கும் பகுதி) ஓடும் சிபாப் சராசரியாக 30 வாட் இழுக்கிறது என்றால் எட்டு மணி நேரத்துக்கு 240. சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், எட்டு மணி நேரத்துக்கு 600. இரண்டும் சேர்ந்து 840, இழுத்துப் பிடித்து விடிந்துவிடும். மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினால் 30 வாட்தான், மொத்தம் 480-ல் முடியும். ஹ்யூமிடிஃபையரையும் ஹீட்டட் டியூபையும் அணைத்தால் சிபாப்பின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கும். ஆகவே கரண்ட் போனால் முதலில் அணைக்க வேண்டியது அவைதான். ஓனரும் நீங்களும் ஒரே இன்வெர்ட்டரில் இருந்தால், மாடியில் அவர்கள் எதையெதை மாட்டியிருக்கிறார்கள் என்று தெரியாமல் இந்தக் கணக்குக்கு மதிப்பில்லை. சொந்த இன்வெர்ட்டர் வாங்குவதானால் சைன் வேவ் வாங்குங்கள். ஸ்கொயர் வேவில் ஃபேன் உறுமும், அடாப்டரும் சூடாகும். ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் படுக்கையறைக்குள் வைக்கக் கூடாது.

பலர் கவனிக்காத ஒன்று: இன்வெர்ட்டரின் பின்னால் யு.பி.எஸ்., எகோ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். யு.பி.எஸ். மோடில் வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே போனால் அது மின்சாரத்தை ஏற்காமல் பேட்டரிக்குத் தாவிவிடும். லோ வோல்டேஜ் ஊரில், கரண்ட் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்து, நிஜமாகக் கரண்ட் போகும்போது ஒன்றும் மிஞ்சாது. எகோ மோடில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் தாவும் நேரம் சற்றுக் கூடும். சில மெஷின் அந்தக் கணத்தில் நின்றுவிடும். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு மெயினை அணைத்துப் பார்த்தால் உங்கள் மெஷின் எந்த ரகம் என்று தெரிந்துவிடும். அடாப்டர்கள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், மெஷினுக்கென்று தனி ஸ்டெபிலைசர் தேவையில்லை. அடாப்டரில் அச்சிட்டிருப்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

கரண்ட் பில்? ஒரு நாளைக்குக் கால் யூனிட், இரண்டு மாதத்துக்கு 15 யூனிட் அளவுதான். தனி ஈ.பி. மீட்டர் உள்ள வீடா, ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற வீடா என்று பாருங்கள். தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே வரும். சிபாப் அல்ல, ஏ.சி. போட வேண்டி வந்தால்தான் பில் எகிறும்.

வெக்கை, தூசி, கொசு

மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீடும், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடும் வாடகை மலிவு. பகலில் குடித்த சூட்டை அந்தத் தளம் இரவெல்லாம் இறக்கும். முகம் வியர்த்தால் சிலிக்கான் குஷன் வழுக்கி மாஸ்க் கசியும். கசிவு கண்ணில் அடித்தால் கை தானாக மாஸ்க்கைக் கழற்றும். எனவே வாடகையில் ஆயிரம் ரூபாய் கூடினாலும் கீழ்த்தளம் அல்லது இடைத்தளமே சரி. ஏ.சி. போட்டால் வேறு சிக்கல்: ஹ்யூமிடிஃபையரின் சூடான ஈரக்காற்று குளிர்ந்த டியூபில் தண்ணீராகி மூக்கில் தெறிக்கும். ஏ.சி.யை 26-ல் வையுங்கள், ஈரப்பத அளவை ஒரு படி குறையுங்கள், டியூபுக்குத் துணி உறை போடுங்கள். ஏர் கூலர் இருந்தால் அறைக்காற்றே ஈரம், ஹ்யூமிடிஃபையரை இன்னும் குறைக்கலாம்.

செங்கல் சூளை, ரைஸ் மில், கல் குவாரி லாரி போகும் சாலை ஆகியவற்றின் பக்கத்து வீட்டைத் தவிருங்கள். பக்கத்தில் குப்பை எரிக்கும் இடம் இருக்கிறதா என்று இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை போய்ப் பார்த்தால் மூக்கே சொல்லிவிடும். அறைக்குள் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் கூடாது. மெஷின் அறைக்காற்றைத்தான் உறிஞ்சி உங்களுக்குத் தருகிறது, அதன் ஃபில்டர் தூசியைப் பிடிக்குமே தவிர புகை நெடியைப் பிடிக்காது. கொசுவலைதான் வழி. டியூபை வலையின் அடியில் நுழைத்து, மெஷினை வெளியே வைக்கலாம்.

பாயில் படுப்பவர்கள் மெஷினை வெறுந்தரையில் வைத்தால் பெருக்கும் தூசியெல்லாம் உள்ளே போகும். ஒரு சாண் உயரத்தில் வைத்தால் தலையைவிட மேலே போய், டியூபில் சேரும் தண்ணீர் முகத்துக்கு இறங்கும். நான்கு விரல் உயரப் பலகை ஒன்று இரண்டுக்கும் பொருந்தும். எறும்பு தண்ணீர் தேடி டப்பாவுக்கு வரும், காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து உலர்த்துங்கள்.

தண்ணீர் என்றதும்: உள்ளூர் போர் தண்ணீரை ஊற்றினால் கொஞ்ச நாளிலேயே டப்பாவின் அடியில் வெள்ளையாக உப்புப் படியும். டிஸ்டில்ட் வாட்டர்தான் சரி, மெடிக்கல் ஷாப்பில் முன்கூட்டிச் சொல்லி வாங்கலாம். பெட்ரோல் பங்க் பேட்டரி வாட்டர் மூச்சுக்காகத் தயாரித்ததல்ல. அவசரத்துக்கு ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு ஓரிரு இரவு ஊற்றலாம். படிந்த உப்புக்கு வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து ஊறவைத்துக் கழுவினால் போகும்.

அட்வான்ஸ்

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள், வீடுகள் பூட்டிக் கிடக்கும். உங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லையென்றால் பேரம் பேச அதைவிட நல்ல மாதம் கிடையாது. ஆடியில் பார்த்தால் அம்மன் கோயில் ஸ்பீக்கர் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதும் சேர்த்துத் தெரிந்துவிடும். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது அது. சென்னை வழக்கப்படி பத்து மாதம் கேட்டால் இதைச் சொல்லிக் குறைக்கப் பாருங்கள். ஒப்பந்தத்தில் இன்வெர்ட்டர் பாயிண்ட் விஷயத்தையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

குடிபோகும் நாள்

மெஷினை லாரியில் ஏற்றாதீர்கள். தண்ணீர் டப்பாவைக் காலி செய்து துடைத்து, அதன் பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். டப்பாவில் தண்ணீரோடு சாய்த்துக் கொண்டுபோவதால் மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போன மெஷின்கள் அநேகம். அந்தப் பையிலேயே மாஸ்க், அடாப்டர், மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன், ஒரு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர், தலையணை உறை எல்லாம் இருக்கட்டும். அட்டைப் பெட்டி நாற்பதில் அடாப்டரைத் தேடும் இரவு மாஸ்க் இல்லாத இரவாகிவிடும்.

பகல் ரயிலில் போங்கள்: மதுரைக்கு வைகை, திருச்சி வழியாகக் காரைக்குடிக்குப் பல்லவன், கோவைக்குக் கோவை எக்ஸ்பிரஸ். இரவு ரயிலில் பல இடங்களில் 11 மணி முதல் 5 மணி வரை சார்ஜிங் பாயிண்டை அணைத்துவிடுகிறார்கள், அதை நம்பி மெஷின் போட முடியாது. முந்தின இரவு மூட்டை கட்டுவதில் தூக்கம் கெட்டிருந்தால் நீங்கள் வண்டி ஓட்ட வேண்டாம். ஆப்னியாக்காரருக்கு ஸ்டியரிங்கில் கண் சொருகுவது முன்னறிவிப்பு தராது. எதனாலாவது ஒரு இரவு மெஷின் இல்லாமல் போனால், மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்து, முதுகுக்குப் பின்னால் தலையணையை முட்டுக் கொடுத்துப் படுங்கள். தலைப்பக்கத்தை அரை அடி உயர்த்துங்கள். மது, தூக்க மாத்திரை, தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரை மூன்றும் அன்று ஆகாது, தொண்டைத் தசையை அவை இன்னும் தளர்த்தும்.

புது வீட்டில் முதல் இரண்டு வாரம் காலையில் மெஷின் திரையில் மூன்று எண்களைக் குறித்து வையுங்கள்: போட்ட நேரம், கசிவு, ஏ.ஹெச்.ஐ. சென்னையில் கடைசி இரண்டு வாரம் இருந்ததோடு ஒப்பிடுங்கள். ஏ.ஹெச்.ஐ. 5-க்குள் இருந்தால் நன்று. கூடினால் முதலில் கசிவைப் பாருங்கள், வியர்வையோ புதுத் தலையணையோ காரணமாக இருக்கும். மாஸ்க் விளிம்பில் கசியாமல் வாயால் மூச்சு விடுகிறீர்கள் என்றால் புழுதியில் மூக்கடைத்திருக்கும். உப்புநீரால் மூக்கைக் கழுவலாம், கொதித்து ஆறிய தண்ணீரில் மட்டும். கசிவும் இல்லை, மூக்கும் சரி, ஆனாலும் ஒரு வாரமாக எண் இறங்கவில்லை என்றால் அழுத்தத்தை நீங்களே கூட்டாதீர்கள். அந்த எண்களைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்புங்கள்.