ஜி.ஓ.எச்சில ஒரு பின்னேரம் இருக்கிறதெண்டா

வெளிநாட்டில இருந்து சொந்தக்காரர் வந்தா எல்லாரும் காலிமுகத்திடல் ஹோட்டலுக்குத்தான் கூட்டிக்கொண்டு ஓடுவினம், 1864 இல தொடங்கினது, வடிவுதான், ஆனா அங்க கடலைத்தான் பாக்கலாம். கப்பல் பாக்கோணுமெண்டா கொழும்பு கோட்டைப் பகுதியில, யோர்க் வீதி முடியிற இடத்தில நிக்கிற ஜி.ஓ.எச்சுக்குப் போங்கோ, அதான் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல்.

முதல்ல கலண்டரைப் பாருங்கோ. போயா, அதான் பௌர்ணமி லீவு நாள், எண்டா பார் பூட்டு. இதை மறந்துபோய் டொரொண்டோ மச்சானைக் கூட்டிக்கொண்டு போய், ரெண்டுபேரும் வெறும் ஜிஞ்சர் பியரை (பேர்தான் பியர், இஞ்சிச் சோடா) உறிஞ்சிக்கொண்டு இருந்தனாங்கள், இண்டைக்கும் சொல்லிக் காட்டுறான். 21 வயசு ஆகாத ஆக்களுக்கு எந்த நாளும் குடுக்க மாட்டினம்.

வெள்ளவத்தையில இருந்தெண்டா 100 இல்லாட்டி 101 பஸ்ஸில கோட்டை ஸ்டேசனடியில இறங்கி நடவுங்கோ, கார்கில்ஸ் சிவப்புக் கட்டடத்தைத் தாண்டிப் போனா சரி. பாட்டா செருப்பும் கட்டைக் காற்சட்டையும் வேண்டாம்.

நீங்கள் போகவேண்டியது மேல நாலாம் மாடியில துறைமுகத்தைப் பாத்தபடி இருக்கிற ரெஸ்டோரண்ட், ஹாபர் ரூமுக்கு. வெளிக்கிட முதல் ஒரு கோல் அடிச்சு, திறந்திருக்கோ எண்டு கேட்டு, யன்னலோர மேசை வேணுமெண்டு சொல்லிவையுங்கோ, யன்னல் கிடைக்காட்டி இவ்வளவு தூரம் வந்ததில பிரயோசனமே இல்லை. அஞ்சு மணிக்கு முதல் போய் இருந்துட்டா, கீழ கிரேன் பெட்டியளைத் தூக்கித் தூக்கி அடுக்கிறதும், சின்ன டக் போட், அதான் இழுவைப் படகு ஒண்டு தன்னைவிட நூறு மடங்கு கப்பலை மூக்கால தள்ளுறதும் அப்பிடியே தெரியும், பொழுது படேக்க இடப்பக்கம் சிவக்கும். போட்டோ எடுக்கிறதெண்டா வெயிட்டரிட்டைக் கேட்டுட்டு எடுங்கோ, துறைமுகம் பாதுகாப்பு இடம்.

சாராயத்துக்கு ஜிஞ்சர் பியர் கலந்து, பைட்ஸுக்கு, அதான் குடியோட கொறிக்க, ஹொட் பட்டர் கணவாய் இருந்தா அது போதும், சாப்பாட்டுக்கெண்டு போற இடமில்லை இது. மெனு விலையோட சேவிஸ் சார்ஜ், வற் வரி எல்லாம் ஏறும், கணக்குப் பாத்துச் சொல்லுங்கோ.

கட்டடம் 1837 இல பட்டாளத்து பரக்ஸாம், 1875 இலதான் ஹோட்டல். அப்ப கப்பலால இறங்கின சனம் ரோட்டைக் கடந்தா ரூம். ரஷ்ய எழுத்தாளர் செக்கோவும் சகலின் தீவால திரும்பேக்க 1890 இல இஞ்சதான் தங்கினவர், மச்சானுக்கு இதைச் சொல்ல "ஆர் அது, கிரிக்கெட் பிளேயரோ" எண்டான்.

இரவில கோட்டை வெறிச்சோடிப் போகும், ஞாயிறெண்டா இன்னும் மோசம், பஸ்ஸை நம்பி நிக்காம பில் கேக்கேக்கயே போனில பிக்மீ டாக்சி அப்பைப் போட்டிடுங்கோ.