நிறத்தைப் பார்த்து ஆர்க்கிட்டுக்குப் பெயர் சொல்லாதீர்கள்

நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் மழைக்காலத்தை ஒட்டித் தரை ஆர்க்கிட்டுகள் கதிர் விட்டு நிற்கும். இளஞ்சிவப்புக் கதிர் ஒன்று கண்ணில் பட்டதும் கைப்பேசியில் ஒரு படம், செயலி சொல்லும் ஒரு பெயர், கூடவே ‘அரிய இனம்’ என்ற பட்டம். தவறு இங்கேதான் தொடங்குகிறது. ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் வெளிறும், அடர்த்தியாகும். அதை நம்பிப் பெயர் சொல்ல முடியாது.

குனிந்து ஒரே ஒரு பூவைப் பக்கவாட்டில் பாருங்கள். உள்ளிதழ்கள் மூன்றில் ஒன்று மட்டும் வேறு வடிவில் இருக்கும். அதுதான் உதடு. பெரும்பாலான ஆர்க்கிட்டுகளில் மொட்டு வளரும்போதே சூலகம் முறுக்கிக்கொண்டு பூவை அரைச்சுற்று திருப்பிவிடும். அதனால்தான் உதடு கீழே வருகிறது. ஹபனேரியா என்ற தரை ஆர்க்கிட் வகையில் அந்த உதட்டின் அடியிலிருந்து ஒற்றை வால் நீளும், அதனுள் தேன் இருக்கும். சட்டீரியம் நேபாளென்ஸ் என்ற இன்னொரு தரை ஆர்க்கிட்டில் அந்த முறுக்கே இல்லை. உதடு மேலே முக்காடு போலக் கவிந்திருக்கும். பின்புறம் வால் இரண்டு. இத்தனை பெரிய வேறுபாடும், நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் தெரியாமல் போய்விடுகிறது. முன்புறம், பக்கவாட்டு, பின்புறம், இலை, முழுச்செடி என ஐந்து படமாவது வேண்டும். அளவு தெரிய ஒரு ஸ்கேலும் பக்கத்தில் இருக்கட்டும்.

மரத்தில் தொற்றி வளர்பவற்றுக்குப் பூவின் உள்ளே போக வேண்டும். டென்ட்ரோபியம் என்ற வகையில் மகரந்தத் திரள்கள் நான்கு, எரியா என்ற வகையில் எட்டு. லென்ஸ் இல்லாமல் அதை எண்ண முடியாது. பூக்காத செடிக்கு இனப்பெயர் சொல்லாமல் இருப்பதே நேர்மை.

என்னை மிகவும் வருத்துவது, அடையாளம் காண வேண்டும் என்று செடியைக் கிழங்கோடு பிடுங்குவது. மண்ணிலுள்ள பூஞ்சையின் துணை இல்லாமல் காட்டில் ஆர்க்கிட் விதை முளைக்காது. ஒரு செடி போனால் அந்த இடத்தில் இன்னொன்று எளிதில் வராது. மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். புதிய இனமோ என்று தோன்றினால், கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் உலர்தாவரத் தொகுப்போடு ஒப்பிடாமல் அறிவிக்காதீர்கள்.

அகத்தியமலையில் மட்டுமே இயற்கையாக வளரும் மஞ்சள் நிறச் செருப்பு ஆர்க்கிட்டான பாபியோபெடிலம் டுரூரியை, அழகுக்காகத் தோண்டித் தோண்டியே அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். படத்தை வெளியிடும் முன் அதில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். மாவட்டத்தின் பெயர் மட்டும் போதும்.