ஒரே ஒரு ஃபோனில் வகுப்பு முழுக்க வினாடி வினா

பிள்ளைகள் கையில் ஃபோன் இல்லையா? கவலை வேண்டாம், ஆசிரியரின் ஃபோனும் அச்சிட்ட அட்டைகளும் மட்டும் போதும் என்கிற பிளிக்கர்ஸ் (Plickers) ஆப் இருக்கிறது. இலவசக் கணக்கு தொடங்கி, அதன் தளத்தில் உள்ள 40 அட்டைகள் கொண்ட தொகுப்பை பிரிண்ட் எடுங்கள். கருப்பு வெள்ளையே போதும். வருகைப் பதிவேட்டு எண்ணும் அட்டை எண்ணும் ஒன்றாக இருந்தால் குழப்பம் வராது.

அட்டையில் க்யூஆர் கோடு மாதிரி ஓர் உருவம். நாலு பக்கமும் ஏ, பி, சி, டி எனப் பொடி எழுத்து. தான் நினைக்கும் விடை மேலே வரும்படி மாணவர் தூக்கிப் பிடிக்க வேண்டும். நீங்கள் ஆப்பைத் திறந்து கேமராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக ஓட்டினால், யார் என்ன சொன்னார்கள் என்று பெயரோடு வந்துவிடும். அட்டைக்கு அட்டை உருவம் வேறு. பக்கத்துப் பையனைப் பார்த்துக் காப்பியடிக்கிற கதை நடக்காது!

பளபள லேமினேஷன் மட்டும் வேண்டாம். ட்யூப்லைட் வெளிச்சம் பட்டுக் கூசினால் கேமரா திணறும். கெட்டி அட்டையில் ஒட்டி, விரல் உருவத்தை மறைக்காமல் ஓரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், மதிப்பெண் போட இதைப் பயன்படுத்தாதீர்கள்; யாருக்கு எங்கே புரியவில்லை என்று கண்டுபிடிக்கப் பயன்படுத்துங்கள். அதற்குத் தவறான விடைகளைத்தான் யோசித்து வைக்க வேண்டும். 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டு, 2/5 என்பதையும் ஒரு விடையாகக் கொடுங்கள். அதைத் தூக்குகிறவர்கள் மேல் எண்ணோடு மேல் எண்ணையும் கீழ் எண்ணோடு கீழ் எண்ணையும் கூட்டியவர்கள். பின்னப் பாடத்தை அவர்களுக்கு அங்கேயே மறுபடி ஆரம்பிக்கலாம்.